தகப்பன் பிறந்த இடம்

மூன்று பிரதி.
நாலாவது எனக்கு.
நாலாவதை யாரும் கேட்டதில்லை,
கொழும்பில் கடிதம் காணாமற்போகும் நாள்வரைக்கும்.

திருநெல்வேலி, நிர்வாகக் கட்டடம், இரண்டாம் மாடி.
மின்விசிறிக்குத் தாள் பறக்காமல்
புவியியல் துறையார் தந்த சுண்ணாம்புக்கல் ஒன்று
எல்லா அமைச்சுகளுக்கும் மேலே குந்தியிருக்கும்.

கானாவிலிருந்து கலாநிதி எசினாம் அக்பெலி
ஆவணியில் வருவதாக இருந்தது.
துறை கேட்டது. பீடம் பரிந்துரைத்தது.
மூதவை மாதத்துக்கு ஒருக்கால்தான் கூடும், அதுவும் கூடியது.
பிறகு உயர்கல்வி அமைச்சு,
பிறகு பாதுகாப்பு அமைச்சின் அனுமதி,
பிறகு பத்தரமுல்லை.
எங்கள் கிணறுகளில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறதென்று
ஒரு மனுசி வந்து அளக்க
பதினேழு கையெழுத்து.

கடவுச்சீட்டு, ஆறு மாதம் செல்லுபடி: சரி.
மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை: சரி.
படம்: சிரித்திருந்தார். திருப்பி அனுப்பினேன்.
இரண்டாம் படத்தில்
சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டிருந்தார்.
ஏற்றுக்கொண்டேன்.

தகப்பன் பிறந்த இடம்: வெறுமை.

கேட்டு எழுதினேன். நடுச்சாமத்தில் பதில்.
அப்பா பிறந்த ஊர் ஏரிக்கு அடியில் இருக்கிறது.
அணை கட்டினார்கள், தண்ணீர் ஏறியது.
வேறிடத்தில் வேறு பெயரில் வீடு கொடுத்தார்கள்.
இப்போதைய வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை.
நான் என்ன எழுத?

பத்தரமுல்லைக்கு அழைத்தேன்.
தில்ருக்ஷி மிஸ் நல்ல மனுசி.
"வெறுமையாய் விட்டால் கணினி ஏற்காது மிஸ்,
ஏதாவது இருக்க வேணும்" என்றா.

ஏதாவது.

நான் பிறந்தது மல்லாகத்தில், முகாமில்.
அப்பா மயிலிட்டி.
இருபத்தேழு வருசம் முள்ளுக்கம்பிக்கு அங்காலை கிடந்த ஊர்.
அடையாள அட்டைக்கு எழுதினேன், மயிலிட்டி.
சாதாரணதரப் பரீட்சைக்கு, இந்த வேலைக்கு,
மயிலிட்டி, மயிலிட்டி.
போய்ப் பார்த்தனீரோ என்று
ஒரு படிவமும் கேட்கவில்லை.
ஒருமுறை யாரோ 'மைலிட்டி' என்று தட்டச்சடித்து
அதைத் திருத்த இரண்டு மாதம் கச்சேரிக்கு அலைந்தோம்.

ஆகவே எழுதினேன்:
அன்புள்ள கலாநிதி அக்பெலி,
ஊரின் பெயரை எழுதுங்கள்.
ஊர் இருக்க வேண்டுமென்று விதி இல்லை.
எல்லா ஆவணங்களிலும் எழுத்துக்கூட்டல்
ஒன்றாக இருக்கட்டும்.

அலுவலக மொழியில் இதற்குமேல் அன்பு
எனக்கு எழுத வராது.

'தோக்பே' என்று வந்தது.
கணினி ஏற்றுக்கொண்டது.

விசா கார்த்திகையில்தான் கிடைத்தது, முப்பது நாளுக்கு.
மாரியும் அந்தக் கிழமைதான் பிடித்தது.
மழைக்கு முந்திய உப்பளவு
அடுத்த வருசத்துக்குப் போயிற்று.
துறைத்தலைவர் என்னைப் பார்த்தார்.
நான் கல்லைப் பார்த்தேன்.

நனைந்த சப்பாத்தோடு மாடியேறி வந்தார் எசினாம்,
திருப்பி அனுப்பின படத்தின் அதே சிரிப்பு.
முப்பது கிணறு வேண்டும். இருபத்தொன்பதுதான் பட்டியலில்.
சொந்தக்காரர் சம்மதப் படிவம் ஒன்றை
வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
ஒவ்வொரு வரியாய் வாசித்தார்.
கிணறு அமைந்துள்ள இடம்: மயிலிட்டி.
கிணறு தற்போது பாவனையில் உள்ளதா?

காணி விட்ட அன்று போய்ப் பார்த்தோம் நாங்கள்.
வீட்டை இடித்த கல்லெல்லாம்
கிணற்றுக்குள்தான் கிடந்தது,
கட்டு வரைக்கும்.

'ஆம்' என்பதில் சரி போட்டார்.
பேனையை மூடினார்.

எழுத்துப் பிழைக்கே கடிதம் திருப்புகிறவள் நான்.
அதைத் திருத்தவில்லை.

நாளைக்கு எட்டரைக்கு வாகனம்.
படிவத்தில் உள்ளதை நம்பி
அளவுகோலோடு ஒருத்தி
அங்கே போகப்போகிறா.